நாற்பது பேரின் மூச்சு

1984 நவம்பரில் குராமோத்தோ ஷார்ஜா விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கம்பனி டிரைவருக்கு ஆங்கிலம் வராது என்பதால் டைப்பிஸ்ட் குமுதினியையும் கூட அனுப்பியிருந்தார்கள். பெரிய இசையமைப்பாளர் வருகிறார் என்று மேனேஜர் இவாசே சொல்லியிருந்ததால் கோட்டும் டையுமாக ஒருவரை எதிர்பார்த்து அவள் நின்றாள். வெளியே வந்தவர் முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஒரு பெட்டி, தோளில் ஒரு டேப் ரெக்கார்டர், கையில் துணியில் சுற்றிய தடி போன்ற ஒன்று. டிரைவர் அதை வாங்கி டிக்கியில் வைக்கப் போனபோது இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும். சூடு இதற்கு ஆகாது" என்றார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்த ஆங்கிலத்தில்.

அது ஷாகுஹாச்சி. மூங்கிலை வேர்ப்பகுதியோடு சேர்த்து வெட்டிச் செய்த குழல். மொத்தம் ஐந்தே துளைகள். நம் புல்லாங்குழல் போலப் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. நேராகப் பிடித்து, மேல் முனையில் உதட்டை வைத்து ஊத வேண்டும்.

சூட்டுக்குப் பயந்தவர் ஏசியின் வறட்டுக் காற்றை மறந்துவிட்டார். கம்பனி கொடுத்த அறையில் மூன்றாம் நாள் அந்தக் குழல் மேலிருந்து கீழாக நூல் பிடித்ததுபோல் வெடித்தது. குமுதினி ரோலா கடைத்தெருவில் நாலைந்து கடை ஏறி இறங்கி மீன்பிடிக்காரர்கள் வாங்கும் நைலான் நூல் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குழலை வரிசையாக ஆறு இடத்தில் இறுக்கிக் கட்டினார். அதற்குப் பிறகு ஏசியை அணைத்துவிட்டு, ஈரத் துண்டைக் குழல்மேல் போர்த்தித் தூங்கினார்.

கம்பனி ஜப்பான்காரர்களுடையது. ஷார்ஜாவுக்கு வடக்கே, கடற்கரையில், கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் திறப்பு விழா. விழாவுக்குப் புதிதாக ஒரு ஜப்பானிய இசை வேண்டும், பத்து நிமிஷம் போதும் என்று தலைமை அலுவலகத்தைச் சம்மதிக்க வைத்தது இவாசேதான். அவரும் குராமோத்தோவும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நண்பனுக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக எண்ணம் இருந்தது.

வழி தேவைப்பட்டதன் காரணம் குமுதினிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. குராமோத்தோ பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய குருவிடம் சேர்ந்தவர். இருபத்தைந்தில் குரு தன் பரம்பரைப் பெயரில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுத்தார். அந்தப் பெயர் இருந்தால் மாணவர்கள் வருவார்கள், கோவில்களில் கூப்பிடுவார்கள், பிழைப்பு ஓடும். ஆனால் அவருக்குப் பழைய உருப்படிகளை வாசிப்பதில் மனம் நிற்கவில்லை. துளையில்லாத குழல் செய்து ஊதினார். குழலின் வாயைத் தண்ணீருக்குள் வைத்து ஊதினார். இருபது நிமிஷம் ஒரே சுரத்தை மட்டும், மூச்சு அறும் இடங்களோடு சேர்த்து, ஒரு இசையாக எழுதி டோக்கியோவில் மேடையேற்றினார். குரு முன் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். மறுநாள் ஆள் அனுப்பிப் பெயரைத் திரும்பக் கேட்டார்.

"கொடுத்திட்டீங்களோ?" என்று குமுதினி ஆங்கிலத்தை மறந்து தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

அவருக்கு எப்படியோ புரிந்தது. தலையாட்டினார்.

அதற்குப் பிறகு இருபது வருஷம். சின்ன மண்டபங்களில் பதினைந்து பேர், பத்துப் பேர் முன்னால் வாசித்தார். தொலைக்காட்சித் தொடர்களில் பேய் வரும் காட்சிக்குக் காற்றுச் சத்தம் ஊதிக் கொடுத்துச் சாப்பிட்டார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். பேய்க்கு ஊதுகிற ஆள் என்று தெருவில் பிள்ளைகள் சொல்வதை மகள் ஒருநாள் வந்து சொன்னதாக அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

குமுதினி சிரிக்கவில்லை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. எண்பத்திரண்டில் அண்ணன் இராஜரத்தினம் விசா எடுத்துக் கூப்பிட்டபோது ஒரு வருஷத்துக்கு என்றுதான் வந்தாள். மறுவருஷம் ஜூலைக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் வீடு எரிந்தது. அப்பாவும் அம்மாவும் அகதி முகாமிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய் உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். "எது நடந்தாலும் இந்த வேலையை விட்டிடாதை. விசா போனா கொழும்பிலதான் கொண்டுபோய் இறக்குவாங்கள்" என்று அண்ணன் வாரம் ஒருமுறையாவது சொன்னான். அவள் அலுவலகத்தில் நிமிர்ந்து பேசுவதில்லை.

டிசம்பரில் ஒரு மத்தியானம் குராமோத்தோ சைட்டைப் பார்க்கப் போனார். கூட மொழிபெயர்க்கக் குமுதினி. பம்ப் ஹவுஸ் சுவரோரம் எலெக்ட்ரிக்கல் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒயர் இழுப்பதற்கு முன்னால் ஒருவன் இரும்பு பைப்புக்குள் அடைந்திருந்த மணலைத் தட்டிவிட்டு வாயை வைத்து ஊதினான். பைப் ஊளையிட்டது. பக்கத்திலிருந்தவன் அதைவிட நீளமான பைப்பை எடுத்து ஊதினான். அது அடியில் இறங்கி முனகியது.

குராமோத்தோ நின்ற இடத்திலேயே நின்றார். "இன்னொரு முறை ஊதச் சொல்லுங்கள்."

முதலில் ஊதியவன் பெயர் அம்மையப்பன். முதுகுளத்தூர்ப் பக்கம். தப்பு எதுவும் செய்துவிட்டோமோ என்று பைப்பைக் கீழே போட்டான். குமுதினி விஷயத்தைச் சொன்னதும் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபடி ஊதினான். குராமோத்தோ அந்தப் பைப்பை வாங்கினார். மேல் முனையைக் கீழுதட்டில் சாய்த்து வைத்து மெல்ல ஊதினார். இரும்பிலிருந்து மூங்கிலின் குரல் வந்தது. சிரிப்பு நின்றது.

"எங்க பைப்பா இது?" என்றான் அம்மையப்பன்.

அன்று மாலையே அவர் இவாசேயிடம் போய்ச் சொன்னார். பத்து நிமிஷ இசையைத் தான் ஒருவனே வாசிக்க வேண்டாம். நாற்பது தொழிலாளிகள், நாற்பது பைப். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். ஆளுக்கு ஒரே ஒரு சுரம். கட்டியவர்களே திறப்பு விழாவில் ஊதுவார்கள். இவாசே யோசித்தார். வெட்டி எறிந்த துண்டு பைப்தானே, லீவு நாளான வெள்ளிக்கிழமைதானே என்று கடைசியில் சரி சொன்னார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை.

ஒத்திகைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் சைட்டில் இருந்த பெரிய இரும்புத் தொட்டி. இன்னும் தண்ணீர் விடாதது. உள்ளே நின்று செருமினால் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து நெஞ்சில் மோதும். தொழிலாளிகள் தங்கும் கேம்பின் பொறுப்பாளர் சுஐபு வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸில் ஆட்களை ஏற்றி அனுப்பினார். கீழக்கரைக்காரர், நல்ல மனுஷர். முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள், அதுவும் குராமோத்தோ கொண்டுவரும் பிஸ்கட்டுக்காக. மூன்றாம் வாரம் நாற்பது பேரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பைப்பைக் கேம்புக்கே கொண்டுபோய்ப் பழகினார்கள்.

விதி ஒன்றுதான். மூச்சு முடியும்வரை ஊத வேண்டும். முடிந்ததும் பேசாமல் நின்று கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவனின் சத்தம் ஓய்ந்தால் மறுபடி தொடங்க வேண்டும்.

"தாளம் யாரு போடுவா?" என்று கேட்டான் ஒருவன்.

"யாரும் போட மாட்டினம். உங்கட மூச்சுதான் கணக்கெண்டு சொல்லுறார்" என்றாள் குமுதினி.

முதலில் போட்டி போட்டுக்கொண்டு ஊதினார்கள். தலை சுற்றி உட்கார்ந்தார்கள். குராமோத்தோ ஒருவரையும் அதட்டவில்லை. ஒவ்வொருவர் அருகிலும் போய் நின்று, தன் வயிற்றில் கை வைத்துக் காட்டி, "மெதுவாக, மெதுவாக" என்றார். அந்த ஒரு தமிழ்ச் சொல்லைக் குமுதினியிடம் கேட்டுப் படித்திருந்தார்.

தேநீர் குடிக்கும்போது அம்மையப்பன் அவளிடம் சொன்னான்: "அக்கா, நான் வந்து ரெண்டு வருசமாச்சு. இங்க ஜல்தி ஜல்தி, யல்லா யல்லா, இது தவிர ஒரு வார்த்த கேட்டதில்ல. மெதுவாப் பண்ணுன்னு சொன்ன மொத ஆளு இவருதான்."

ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அது கூடி வந்தது. நாற்பது பேரும் தொட்டியின் சுவரையொட்டி வட்டமாக நின்றார்கள். ஒருவரும் சைகை காட்டவில்லை. எங்கோ ஒரு பைப் தொடங்கியது. இன்னொன்று சேர்ந்தது. இரும்புச் சுவர் முழுக்க மூச்சாகிவிட்டதுபோல் இருந்தது. ஒருவன் ஓயும்போது மற்றவன் எடுத்துக்கொண்டான். பத்து நிமிஷம் என்று நினைத்தது முப்பது நிமிஷத்துக்குப் போனது. குராமோத்தோ ரெக்கார்டரின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து நாற்பது பேருக்கும் இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

"என் வாழ்நாளில் நான் எழுதியதில் இது ஒன்றுதான் சரியாக வந்திருக்கிறது" என்று காரில் திரும்பும்போது குமுதினியிடம் சொன்னார்.

விழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. அந்த வாரம் வேறொரு கம்பனியின் கேம்பில் தண்ணீர் லாரி வரவில்லை என்று ஆட்கள் வேலையை நிறுத்தி ரோட்டை மறித்திருந்தார்கள். சுற்று வட்டாரம் முழுக்க போலீஸ் வண்டி. விழாவுக்கு முக்கியஸ்தர்கள் வரும் வழியும் அதுதான். இது எதுவும் குராமோத்தோவுக்குத் தெரியாது.

அன்று காலை பஸ் வரவில்லை. டிரைவரை ஏர்போர்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சுஐபு தொழுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "நாங்க நடந்தே போயிர்றோம், நாலு கிலோமீட்டர்தானே" என்று அம்மையப்பன் சொல்லியிருக்கிறான்.

"பஸ்ஸுக்கு நில்லுங்கப்பா. கையில இரும்பு பைப்ப வச்சிக்கிட்டு நாப்பது ஆளு ரோட்டுல போனா பாக்குறவன் என்ன நெனப்பான்?" என்றிருக்கிறார் சுஐபு.

"அந்த மனுசன் காத்துக்கிட்டு நிப்பாரு பாய்."

அவர் காத்துக்கொண்டுதான் நின்றார். தொட்டிக்குள் குமுதினியும் அவரும். பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றாகியும் வரவில்லை. ரெக்கார்டரை இரண்டு தடவை போட்டுப் பார்த்து அணைத்தார். பன்னிரண்டு மணிக்குப் பிக்கப்பில் சுஐபு மட்டும் வந்தார். தொப்பியைக் கையில் கசக்கிப் பிடித்திருந்தார்.

"பிடிச்சிட்டுப் போய்ட்டாங்கம்மா. நாப்பது பேரையும். ரோட்டுலயே மண்டி போட வச்சு வேன்ல ஏத்திட்டாங்க. ஸ்ட்ரைக்குன்னு நெனச்சுட்டாங்க."

குராமோத்தோ நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனார். தான்தான் கூப்பிட்டதாகச் சொன்னார். அதிகாரி மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். நம்ப மாட்டார்களோ என்று குராமோத்தோ உறையிலிருந்து குழலை எடுத்து அங்கேயே ஊதிக் காட்டினார். எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"நன்றாக இருக்கிறது, ஐயா. உங்களை நம்புகிறேன். ஆனால் எனக்குக் காகிதம் வேண்டும். இவர்கள் கம்பனி வேலையாகத்தான் போனார்கள் என்று கம்பனி ஒரு கடிதம் கொடுக்கட்டும். ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறேன்" என்றார் அதிகாரி.

குமுதினிக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கடிதம்தானே. ஐந்து நிமிஷத்தில் அடித்துவிடுவாள்.

இவாசே கடிதம் கொடுக்கவில்லை. அவர் டோக்கியோவுக்கு டெலக்ஸ் அனுப்பிக் கேட்டார். மறுநாள் காலையில் பதில் வந்தது. அந்தக் கூட்டத்துக்கும் கம்பனிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. அடுத்த ஆலையின் ஒப்பந்தம் இதே அரசாங்கத்திடமிருந்துதான் கிடைக்க வேண்டியிருக்கிறது.

குமுதினி ஃபைல் எடுத்துக்கொண்டு போனபோது மேனேஜர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. குராமோத்தோ தரையில் மண்டியிட்டு நெற்றி கார்ப்பெட்டில் படக் குனிந்திருந்தார். எதிரே இவாசேயும் நாற்காலியை விட்டு இறங்கி, அதேபோல் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் ஒருவரை ஒருவர் வணங்கியபடி வெகுநேரம் கிடந்தார்கள். முதலில் எழுந்தது இவாசே. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து குமுதினியிடம் கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார்.

அனுமதியில்லாமல் கேம்பை விட்டுக் கூட்டமாகப் போனவர்கள் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள், ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், மீண்டும் வேலைக்கு எடுக்கத் தகுதியற்றவர்கள். கீழே நாற்பது பெயர்.

அவள் அதை டைப் அடித்தாள். ஒரு பிழைகூட வரவில்லை.

சாமான் எடுப்பதற்காக அவர்களைப் போலீஸ் காவலோடு கேம்புக்குக் கொண்டுவந்தார்கள். கையெழுத்து வாங்க அவளைத்தான் அனுப்பினார்கள். அம்மையப்பன் ஒரு சூட்கேஸைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். உதடு வீங்கியிருந்தது.

"என்னக்கா எழுதியிருக்கு இதுல?"

"வேலை முடிஞ்சு போச்சு, ஊருக்கு அனுப்பினம் எண்டு எழுதியிருக்கு."

"பாட்டுக்குப் போனோம்னு எழுதியிருக்கா?"

"ஓம். எழுதியிருக்கு."

"அப்பச் சரி. திரும்பி வரலாமில்ல? வேற கம்பனிக்காச்சும்?"

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினாள். "வரலாம், அம்மையப்பன். நீங்கள் கையெழுத்தைப் போடுங்கோ."

அவன் போட்டதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். நாலு பேர் கைநாட்டு. "ஜப்பான்காரருகிட்ட நாங்க வராம ஏமாத்திட்டோம்னு நெனைக்க வேண்டாம்னு சொல்லிருங்க" என்றான் அம்மையப்பன். அவள் சரி என்றாள். அதையாவது சொன்னாள்.

விழாவில் குராமோத்தோ தனியாக வாசிக்க வேண்டும் என்று கம்பனி கேட்டது. முடியாது என்றார். இவாசே மெல்லச் சொன்னார்: விழா நல்லபடியாக நடந்துவிட்டால், பத்துப் பேரையாவது திரும்ப எடுக்கச் சொல்லி டோக்கியோவிடம் கேட்க முடியும். குராமோத்தோ அன்றைக்கு முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் கறுப்பு கிமோனோ உடுத்தி மேடையேறினார்.

குரு சொல்லிக் கொடுத்த பழைய உருப்படி ஒன்றை வாசித்தார், இருபது வருஷமாகத் தொடாமல் வைத்திருந்ததை. ஒரு சுரம் பிசகவில்லை. நூல் கட்டிய குழலிலிருந்து அவ்வளவு இனிமை வரும் என்று குமுதினி நினைக்கவில்லை. வெள்ளை அங்கி விருந்தினர்கள் கை தட்டினார்கள். ஒருவர் மேடைக்கே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இறங்கி வந்தவர் குமுதினியைத் தாண்டிப் போகும்போது, "இப்படி வாசித்திருந்தால் எனக்கு எல்லாம் இருந்திருக்கும்" என்றார்.

ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. இவாசே கேட்டாரா என்பதும் தெரியவில்லை. மார்ச் முதல் வாரத்தில் குராமோத்தோ போய்விட்டார். ஏர்போர்ட்டில் சூட்கேஸோடு குழலையும் கன்வேயரில் போட்டார். குமுதினி பதறிப்போய், "கையில வச்சிருங்கோ" என்றாள். பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தார்.

ஆலை முடிந்ததும் கம்பனியில் ஆட்குறைப்பு வந்தது. எண்பத்தாறில் இராஜரத்தினத்துக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. குமுதினியும் கூடப் போய் அங்கே ரூவியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் சேர்ந்தாள். டிக்கெட் எழுதுவது அவள் வேலை. அகமதாபாத், திருவனந்தபுரம், பம்பாய். மெட்ராஸுக்கு டிக்கெட் கேட்டு யாராவது வந்தால் அவர்கள் முகத்தை ஒருதரம் பார்ப்பாள்.

எண்பத்தேழில் பழைய விலாசங்களையெல்லாம் சுற்றி ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. தொட்டிக்குள் பதிவு செய்த அந்த டேப்பை யாரோ ஒரு வானொலிக்காரர் கேட்டு ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே ஒரு விழாவில் அதைப் போட்டிருக்கிறார்கள். பாலைவனத்தின் அமைதியை அப்படியே கொண்டுவந்த இசை என்று பத்திரிகையில் எழுதினார்களாம். இப்போது இசைத்தட்டாகப் போடக் கேட்கிறார்கள். இரண்டு வருஷம் முடியாது என்று சொல்லிவந்தேன், இப்போது உடம்பு சரியில்லை, சம்மதித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். தட்டின் உறைமேல் தன் பெயர் மட்டும் இருக்கக் கூடாது. ஊதியவர்களின் பெயர்களை எழுதி அனுப்ப முடியுமா?

அன்று அடித்த தாளின் பிரதி ஷார்ஜா அலுவலகத்தோடு போய்விட்டது. அவள் மூன்று நாள் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினாள். இருபத்து மூன்று பெயர் வந்தது. அதற்குமேல் முகங்கள் வந்தன, பெயர் வரவில்லை. அம்மையப்பனின் ஊர் மட்டும் நினைவிருந்ததால் மற்றவர்களின் பெயர் கேட்டு அங்கே ஒரு கடிதம் போட்டாள். இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி வீரம்மாள் யாரையோ கொண்டு எழுதிய பதில் வந்தது.

"அவர் வந்தப்புறம் இங்கே இருப்புக் கொள்ளவில்லை. பாஸ்போர்ட்டில் என்னவோ முத்திரை இருக்கிறது என்று எல்லா ஏஜெண்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் வரலாம் என்று சொன்னதாக அடிக்கடி சொல்வார். போன ஆடிக்குப் பம்பாய் போய் வேறு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அங்கே வருவதாகச் சொல்லிப் போனார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அங்கே எங்காவது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்."

இருபத்து மூன்று பெயரை மட்டும் ஜப்பானுக்கு அனுப்பினாள். வீரம்மாளின் கடிதத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வருஷம் இசைத்தட்டைக் கேசட்டில் பதிந்து குராமோத்தோ அனுப்பியிருந்தார். கூட ஒரு சிறு குறிப்பு. குருவின் மகன் அந்தப் பரம்பரைப் பெயரை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இப்போது வாரம் நாலு நாள் பழைய உருப்படிகளைச் சொல்லிக் கொடுக்கிறாராம். புதிதாக எதுவும் எழுதுவதில்லை, எழுத ஒன்றும் இல்லை. உறையின் நகலில் ஜப்பானிய எழுத்தில் பெயர்கள் இருந்தன. எது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கேசட்டைப் போட்டாள். பக்கத்து அறையில் ஷேவ் செய்துகொண்டிருந்த இராஜரத்தினம் நுரை முகத்தோடு எட்டிப் பார்த்தான்.

"என்ன சத்தம் உது? ஏசி ஏதும் பழுதோ?"

"இல்லை அண்ணை. எங்கட சைட் ஆக்கள் ஊதினது."

அவன் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். பிறகு திரும்பிப் போய்விட்டான். அவள் காதை ரெக்கார்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அம்மையப்பனின் பைப் எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள். ஒருவன் ஓயும் முன்னால் இன்னொருவன் எடுத்துக்கொண்டதால் எதையும் தனியாகப் பிரிக்க முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு ஏரோகிராம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். வீரம்மாளுக்கு எழுத வேண்டிய பதில் எட்டு மாதமாக நின்றுபோயிருந்தது. அன்புள்ள வீரம்மாளுக்கு, அவர் இங்கே வரவில்லை என்று எழுதினாள். கையெழுத்து வாங்கிய அன்றைக்குத் தான் சொன்னது பொய் என்று அடுத்த வரியில் எழுதினாள். இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது வரியை ஒரு எழுத்தும் தெரியாதபடி பேனாவால் அடித்தாள். பசை தடவி மடித்து ஒட்டினாள்.